குறை சொல்லும் முறையும் குறை கேட்கும் முறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். எனக்கோ இலக்கியப் புலமை இல்லை; என் தொழில் கணினித் தொழில். "உம் தொழிலில் கற்றதையே பேசும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வலைப்பதிவு எழுத உதவும் மென்பொருளைப் பற்றி மக்கள் அனுப்பும் குறைகளையும் வேண்டுகோள்களையும் படித்து, வகைப்படுத்தி, விடை எழுதுவது சில ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. அவ்வேலையில் நான் செய்த பெருந்தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

2013-ஆம் ஆண்டு. இந்நகரில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தேன். எங்கள் தளத்தில் எழுதிவந்த முதியவர் ஒருவரிடமிருந்து மடல் வந்தது. அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மறைந்த தம் மனைவியாரைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதிவந்தார். "மனைவியின் பெயரை எழுதி, அதன் அருகில் ஒரு பூ வைத்தேன். பூவுக்குப் பின்னால் எழுதியவை யாவும் மறைந்துவிட்டன" என்பதே மடலின் செய்தி. துயருற்ற முதியவர் ஏதோ உருவகமாக எழுதுகிறார் என எண்ணினேன். "இணைய இணைப்பைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்" என்று இரண்டு வரி எழுதி, அக்குறையை முடிந்ததாகக் கணக்கில் காட்டினேன். மீண்டும் எழுதினார், மீண்டும் அதே விடை. மூன்றாம் மடல் வரவில்லை.

சில திங்கள் கழித்துக் கல்லூரி மாணவர் ஒருவர் அதே குறையை எழுதினார். "சிரிக்கும் முகப் படத்தை இட்டேன், அதன்பின் எழுதியதெல்லாம் போயிற்று" என்றார். அப்போதுதான் என் அறிவு விழித்தது.

நடந்தது இதுதான். கணினி ஒவ்வோர் எழுத்தையும் எண்களாகவே சேமிக்கிறது. யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். கைப்பேசியில் நாம் இடும் பூவுக்கும் சிரிப்பு முகத்துக்கும் பெரும்பாலும் நான்கு பைட் வேண்டும். அக்காலத்தில் நாங்கள் கையாண்ட தரவுத்தள அமைப்பில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் இடம் இருந்தது. நான்கு பைட் எழுத்து ஒன்று வந்தால், அது மறுக்கவுமில்லை, எச்சரிக்கவுமில்லை. அதற்கு முன்னிருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதை ஓசையின்றி விட்டுவிட்டது. பெயர்த்தி சொல்லித் தந்தபடி அம்முதியவர் மனைவியின் பெயருக்கு அருகில் உண்மையாகவே ஒரு பூப்படம் வைத்திருக்கிறார். அவர் உருவகம் பேசவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தார்.

உடனே அவருக்கு மடல் எழுதினேன். அவர் மகன் விடை விடுத்தார். அப்பா எழுதுவதை நிறுத்திவிட்டார் என்றும், கட்டுரைகளை நேரே தட்டச்சு செய்ததால் படி ஏதும் இல்லை என்றும் தெரிவித்திருந்தார். மறைந்த பக்கங்களை மீட்க வழியில்லை. அந்தப் பூவை நான் இன்றும் மறக்கவில்லை.

அவையோரே! ஒரு குறையறிக்கையில் மூன்று செய்திகள் இருத்தல் வேண்டும்: நான் என்ன செய்தேன், எதை எதிர்பார்த்தேன், எது நடந்தது. அம்முதியவரின் மடலில் இம்மூன்றும் இருந்தன. குறை சொன்னவரிடம் குறையில்லை, கேட்டவனிடமே குறை. "என் கணினியில் சரியாகத்தானே இருக்கிறது" என்பது விடையாகாது. அவர் செய்ததை அவர் செய்தபடியே நான் ஒருமுறை செய்து பார்த்திருந்தால், ஐந்து நிமிடத்தில் உண்மை விளங்கியிருக்கும்.

இக்குறை எங்கள் நிறுவனத்தோடு நின்றதன்று. உலகெங்கும் பரவிய வேர்ட்பிரஸ் என்னும் வலைப்பதிவு மென்பொருளிலும் இது இருந்தது. 2015 ஏப்ரலில் வெளிவந்த 4.2 பதிப்பில்தான் நான்கு பைட் எழுத்துகளுக்கு இடம் செய்யப்பட்டது. அதே திங்களில் அவசரமாக ஒரு பாதுகாப்புத் திருத்தமும் வெளியாயிற்று. எழுத்து இவ்வாறு பாதியில் அறுபடுவதைப் பயன்படுத்திக் கயவர்கள் தளத்துக்குள் நுழைய இயலும் என்று கண்டறியப்பட்டதே அதன் காரணம். சிறு குறையென்று நாம் தள்ளியது திருடனுக்குத் திறந்த கதவாகவும் இருந்திருக்கிறது.

இனி, குறைக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். நம் ஊர்த் திருமணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். "சாம்பாரில் உப்பு இல்லை" என்பது குறை. "போளியோடு இன்னொரு பாயசமும் வேண்டும்" என்பது விருப்பம். முன்னதை உடனே திருத்த வேண்டும். பின்னதற்கு அரிசி உண்டா, பால் உண்டா, ஆள் உண்டா, பந்தியில் எத்தனை பேர் உண்பார்கள் என்றெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மென்பொருளிலும் இப்படித்தான். ஒவ்வொரு புது வசதியும் எழுதுவோர்க்கு ஒருநாள் வேலை. அதைக் காப்பதோ என்றைக்குமான வேலை.

வேர்ட்பிரஸ் பிறந்ததே பிறர் விட்டுச்சென்ற வேலையைத் தொடர்வதற்காகத்தான். பி2 என்னும் மென்பொருளை இயற்றியவர் அப்பணியைத் தொடராதபோது, அமெரிக்கரான மேட் முல்லன்வெக்கும் ஆங்கிலேயரான மைக் லிட்டிலும் அதை எடுத்து வளர்த்து, 2003 மே 27 அன்று முதற்பதிப்பை வெளியிட்டனர். மறு ஆண்டிலேயே செருகுநிரல் என்னும் வசதி வந்தது. அதனால் சிலர்க்கு மட்டும் வேண்டியதை அவர்களே தனியே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவே அமைந்த மென்பொருளில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமாயின், பயன்படுத்துவோரில் 100-க்கு 80 பேராவது அதை விரும்ப வேண்டும் என்பது அவர்கள் வகுத்த பொதுநெறி. நெறி நல்லதே. ஆனால் அதில் நமக்கு ஓர் இடர் உண்டு.

தமிழர் உலக அரங்கில் ஒருநாளும் 100-க்கு 80 ஆகப்போவதில்லை. ஆகவே நம் குறையை யாரேனும் "இது ஒரு சாராரின் விருப்பம்" என்று பெயர் மாற்றிவிட்டால், அது வரிசையின் கடைசிக்குப் போய்விடும். குறைக்குத் தலை எண்ணிக்கை தேவையில்லை. ஒருவர்க்கு நேர்ந்தாலும் குறை குறையே. வேற்றுமொழி மாநிலத்தில் சிறுபான்மையராக வாழும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். வேர்ட்பிரஸில் கட்டுரைத் தலைப்பே அக்கட்டுரையின் முகவரியாகவும் மாற்றப்படும். அம்முகவரிக்கு வகுத்த இடம் 200. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழில் எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் ஒன்பது இடம் கொள்ளும். ஆகவே 22 குறிகளுக்குள் தமிழ்த் தலைப்பின் முகவரி முடிந்துவிடும். "திருவனந்தபுரம் தமிழ்ச் சங்கம்" என்று தலைப்பிட்டுப் பாருங்கள். திருவனந்தபுரத்துக்கு 126, "தமிழ்ச்" என்பதற்கு 63, இடைக்கோடுகளுக்கு 2; எஞ்சுவது 9. அதில் "ச" என்னும் ஓரெழுத்து மட்டும் ஏறும். "ங்கம்" வெளியே நிற்கும்! தலைப்பு முழுமையாகத் தெரியும். முகவரியில்தான் சங்கம் சிதையும். இதை ஆங்கிலத்தில் எழுதுபவர் எவரும் காணமாட்டார். காணாதவர் எப்படித் திருத்துவார்? தமிழரும் மலையாளிகளும் இந்தி எழுதுவோரும் சேர்ந்து சொன்னாலன்றி இத்தகைய குறைகள் வெளிப்படா.

இதில் நம் அண்டை வீட்டாரிடம் நாம் கற்க வேண்டியது மிகுதி. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியச் சகோதர அமைப்பு, 2001 ஜூலையில், ரிச்சர்ட் ஸ்டால்மன் கலந்துகொள்ள, இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. மலையாளச் சில்லெழுத்துகளை அக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்றைச் சேர்த்தே எழுதிவந்தார்கள். அக்குறியை வேண்டாததென்று ஒரு மென்பொருள் நீக்கினால் எழுத்தே மாறிவிடும். நெடிய விவாதத்துக்குப் பின், 2008-இல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பில் அவற்றுக்குத் தனி இடம் கிடைத்தது. அம்முடிவை மலையாள அறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. ஆயினும் இரு சாராரும் வாளா இராமல், காரணம் காட்டி எழுதினார்கள். அதுவே நாம் கொள்ள வேண்டிய படிப்பினை.

நாமோ திண்ணையில் குறை கூறுவதில் வல்லவர்கள். எழுதி அனுப்புவதில் தளர்ந்தவர்கள். "மென்பொருள் சரியில்லை" என்ற ஒரு தொடரால் யாருக்கும் பயனில்லை. செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஒரு மடலில் ஒரு குறையே எழுதுங்கள். குறையையும் விருப்பத்தையும் கலவாதீர்கள். முன்னரே பிறர் சொன்ன குறையாயின், புதிதாகத் தொடங்காமல் அதனோடு உங்கள் சான்றைச் சேருங்கள். சினத்தை விட்டுவிட்டுச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். அக்குறையை ஏற்க மறுத்தால், காரணத்தைக் கேளுங்கள்.

இளைஞர்களே! உங்களில் பலர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். நாளை ஒரு முதியவரின் மடல் உங்கள் மேசைக்கு வரும். அவருக்குத் துறைச் சொற்கள் தெரியாமல் இருக்கலாம். அவர் கண்டது பொய்யாகாது. முடிக்கும் முன் ஒருமுறை செய்து பாருங்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வைத்து அமர்கிறேன். திங்களுக்கு ஒரு ஞாயிறு மாலை நம் நூலகத்தில் இளைஞர் இருவர் அமரட்டும். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுதும்போது நேரும் குறைகளைப் பெரியவர்கள் வந்து சொல்லட்டும். அவற்றை முறைப்படி எழுதி உரியவர்க்கு அனுப்பி, வந்த விடையை அடுத்த திங்கள் படித்துக் காட்டுவோம். பெரியவர்கள் எழுதுவதற்கு ஒரு படி எடுத்து வைக்கவும் கற்றுக் கொடுப்போம். என்னால் எழுத்தை நிறுத்திய ஒருவர்க்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு இதுவே. முதல் ஞாயிறு நான் வந்து அமர்கிறேன்.