வீடு வாங்குவோரும் வழக்கறிஞரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்களிடம் பத்திரம், பதிவு என்று பேசுவது பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். ஆயினும், நம்மவர் பலர் இம்மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டில் தொடங்கிச் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்த வீடு வாங்கியவர்கள். இன்னும் பலர் வாங்கப் போகிறவர்கள். வாழ்நாளில் ஒரே முறை நிகழும் அப்பெருங் காரியத்தில் துணை நிற்கும் வழக்கறிஞரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

என் குடும்பத்தில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபொழுது என் தந்தையார் பஜார் சாலைக்கு அருகில் ஓர் ஓட்டு வீட்டை விலை பேசினார். ஆதாரம் எழுதுபவரையும் தரகரே அழைத்து வந்தார். "எல்லாம் சரியாக இருக்கிறது, நாளையே பதிவு செய்யலாம்" என்றார்கள். என் தாயார் கூடத்தில் ஊஞ்சல் மாட்டும் இடத்தைக்கூடக் குறித்து வைத்துவிட்டார். ஏதோ ஐயம் தோன்றவே, தந்தையார் தாள்களை முதிய வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினார். அவர் இரண்டு நாள் வைத்திருந்து படித்துவிட்டு, "பாகப்பத்திரத்தில் ஒரு மகளின் கையொப்பம் இல்லையே, அவர் எங்கே?" என்று கேட்டார். விடை சொல்வார் இல்லை. "வாங்க வேண்டாம்" என்று சொல்லி, சிறு தொகையைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் அவர்மேல்தான் கோபம்! பிறகு அவ்வீட்டை வேறொருவர் வாங்கினார். சில ஆண்டுகளில் அந்த மகளின் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். வாங்கியவர் நீதிமன்றப் படியேறியே முதுமை எய்தினார்.

அன்று நான் கற்றது இது: "வேண்டாம்" என்று சொல்லும் துணிவும், அப்படிச் சொல்வதால் நட்டமில்லாத நிலையும் உடையவரே நமக்கு ஏற்ற வழக்கறிஞர்.

"பதிவாகிவிட்டதே, இனி என்ன அச்சம்?" என்று கேட்பவர் உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, விற்பவருக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறுவதில்லை. விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் பணியன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டிலும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் எடுத்துரைத்தது. ஆகவே, ஆராயும் பொறுப்பு வாங்குபவருடையது. அவருக்காக அதைச் செய்பவர் வழக்கறிஞர்.

இங்கிலாந்தில் இப்பணியைப் பெரும்பாலும் சொலிசிட்டர் என்பவர் செய்கிறார். நம் ஊரிலோ ஆதாரம் எழுதுபவர் வேறு, வழக்கறிஞர் வேறு. முன்னவர் பத்திரத்தை முறைப்படி எழுதித் தருவார். உரிமையைத் தோண்டித் துருவிப் பார்க்கும் பணியை அவரிடம் விட்டுவிடுதல் கூடாது.

இவ்வூரின் வரலாறும் நம்மை எச்சரிக்கிறது. மட்டாஞ்சேரி கொச்சி அரசில் இருந்தது. அடுத்துள்ள கொச்சிக் கோட்டைப் பகுதியோ 1956 வரை மலபார் மாவட்டத்தைச் சேர்ந்து சென்னையின் ஆட்சியில் இருந்தது. இரண்டும் 1967இல்தான் ஒரே மாநகராட்சிக்குள் வந்தன. பழைய ஆதாரங்களில் கொல்லம் ஆண்டும், காணம், வெறும்பாட்டம் போன்ற சொற்களும் காணப்படும். கிரயப் பத்திரத்திற்கு இங்கே 'தீறாதாரம்' என்று பெயர். நம் காதில் அது 'தீராத ஆதாரம்' என்று விழுகிறது! அது தீராத வழக்காகாமல் இருக்க வேண்டுமானால், பழைய மலையாள ஆதாரங்களைப் படித்துப் பழகிய உள்ளூர் வழக்கறிஞரையே நாட வேண்டும்.

மரடு நிகழ்ச்சியை நாம் மறக்கலாகாது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்று 2019 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் மண்ணாயின. அவற்றை வாங்கியவர்களிடம் பதிவான பத்திரம் இருந்தது; வரி ரசீதும் இருந்தது. எனவே, நிலத்தின் உரிமையோடு கட்டட அனுமதியையும் நீரோரத் தடைகளையும் ஆராய்பவரே முழு வழக்கறிஞர். காயல் சூழ்ந்த நம் ஊரில் இது இன்றியமையாதது.

இனி, நம்பத்தக்கவரை அறியும் வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, அவர் விற்பவரும் தரகரும் காட்டியவராக இருத்தல் கூடாது. இருவர்க்கும் ஒருவரே வழக்கறிஞரானால், பிணக்கு வரும்பொழுது அவர் யார் பக்கம் நிற்பார்?

இரண்டாவது, கட்டணத்தை முன்னரே பேசி முடியுங்கள். கிரயம் நடந்தால்தான் பணம் என்ற ஏற்பாடு வேண்டாம். அவ்வாறாயின், கிரயம் நடக்க வேண்டும் என்பதே அவர் விருப்பமாகிவிடும்.

மூன்றாவது, அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். முன்னாதாரங்கள், வில்லங்கச் சான்று, நில வரி ரசீது, போக்குவரவு ஆகியவற்றைக் கேட்பார். மூல ஆதாரத்தை நேரில் காண வேண்டும் என்றும் வற்புறுத்துவார். ஆதாரத்தை வங்கியில் ஒப்படைத்துப் பெற்ற கடன், வில்லங்கச் சான்றில் எப்பொழுதும் தோன்றிவிடும் என்று நம்புவதற்கில்லை. நகலை மட்டும் புரட்டிவிட்டு "சரி" என்பவரை விட்டு விலகுங்கள்.

நான்காவது, தம் கருத்தைக் காரணத்தோடு எழுதிக் கையொப்பமிட்டுத் தருவாரா என்று கேளுங்கள். வாய்ச்சொல்லில் துணிபவர் பலர். எழுத்தில் துணிபவர் சிலரே.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். பாலக்காட்டிலோ திருநெல்வேலியிலோ உள்ள பூர்விக வீட்டை விற்கும் நம்மவர், பயணத்திற்கு அஞ்சி எவர் பெயருக்கேனும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் வாசகத்தை உங்கள் வழக்கறிஞர் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மூல ஆதாரத்தை யாரிடம் கொடுத்தாலும் ரசீது பெறுங்கள்.

வழக்கறிஞரே நெறி தவறினால், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி மாநில வழக்கறிஞர் மன்றத்தில் முறையிடலாம்; கேரளத்து மன்றம் எறணாகுளத்திலேயே இருக்கிறது. எனினும், வருந்தி முறையிடுவதினும் வருமுன் தேர்வதே அறிவுடைமை.

அன்பர்களே! என் தாயார் பின்னர் வேறொரு சிறிய வீட்டில் அந்த ஊஞ்சலை மாட்டினார். அவ்வீட்டின் பத்திரத்தையும் அதே முதியவர்தாம் படித்துப் பார்த்தார். இன்றும் அதில் என் பேரக் குழந்தைகள் ஆடுகிறார்கள். உங்கள் இல்லங்களிலும் அத்தகைய அச்சமற்ற ஊஞ்சல் ஆடுக என வாழ்த்தி அமைகிறேன்.