பாதயாத்திரையும் அன்றாட நலவாழ்வும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தை பிறந்துவிட்டால், பச்சையும் காவியும் உடுத்திய அடியார் கூட்டம் மதுரையிலிருந்து வாடிப்பட்டி வழியாகப் பழனி நோக்கி நடக்கும். தொலைவு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். தெருமுனைக் கடைக்கும் வண்டியிலேயே செல்லும் அன்பர், அந்நாட்களில் வைகறையில் நீராடி, புலாலும் மதுவும் புகையிலையும் நீக்கி, காலம் தவறாது உண்டு, அயர்ந்து உறங்குகிறார். உடல் இலேசாவதை அவரே உணர்கிறார். மாலையைக் கழற்றிய மறுநாள் பழைய வழக்கம் திரும்பிவிடுகிறது. விரதநாட்களின் ஒழுங்கில் பாதியேனும் ஏனைய நாட்களில் நிலைக்கக் கூடாதா என்பதே இன்றைய பொருள்.

இவ்வட்டாரத்தின் உணவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1895-ஆம் ஆண்டு பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகையைச் சேர்ந்தது. பேரணையில் பிரியும் கால்வாய் வாடிப்பட்டிச் சமவெளியை நெல்வயலாக்கியது. மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைந்த காலத்தில், நெற்சோறு பலருக்கு விசேஷ நாளின் உணவு. கால்வாய் நீர் பெரும் வரமே; அதில் ஐயமில்லை. சோறு நாள்தோறும் உண்ணப்பட்ட பின்னும், நாற்றுப் பறித்தும் களையெடுத்தும் கதிரறுத்தும் உழைத்த உடல் அதனை எரித்துவிட்டது. இன்று அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. உழைப்பு குறைந்தது, தட்டில் சோற்றின் அளவு குறையவில்லை. 2021-இல் இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்ததாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்திற்கு மருந்து என்று பெயர். ஆயினும் அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை! முதல் ஏழு குறட்பாக்களும் மிகுதியாலும் குறைவாலும் நோய் வருவதையும், முன்னுண்டது செரித்தபின் பசித்து அளவோடு உண்பதையுமே சொல்கின்றன. இறுதி மூன்றும் மருத்துவரைப் பற்றியவை. ஒழுக்கத்தை முன்னும் மருத்துவத்தைப் பின்னும் வைத்த வள்ளுவர், ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளவில்லை.

இதனை அன்பர்கள் சிலர் மறந்துவிடுகின்றனர். வெந்தயமும் பாகற்காயும் நல்ல உணவே. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. நாட்டுச்சர்க்கரையும் தேனும் தீங்கு செய்யா என்பதும் தவறு. அவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பஞ்சாமிர்தத்தை விரல்நுனியளவு பெற்றாலும் பிரசாதம் பிரசாதமே. கிண்ணம் நிறைய உண்டால்தான் அருள் என்று யார் சொன்னார்? கம்பங்கூழும் மாவுச்சத்துதான், அதற்கும் அளவு வேண்டும். சோற்றைக் குறைத்து, கீரை, காய்கறி, பயறு ஆகியவற்றைக் கூட்டுவதும், இரவுணவை முன்னேரத்தில் முடிப்பதும் செலவில்லாத மாற்றங்கள். வாரத்திற்கு 150 நிமிடமேனும் சற்று விரைவாக நடக்க உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரி. ஊர்க்கோவிலுக்கு வண்டியை விடுத்து நடந்து வந்தாலே பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

ஏகாதசி, சஷ்டி விரதம் இருப்போரில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர், முன்னதாகவே மருத்துவரைக் கேட்டு அளவை முறைப்படுத்திக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் வழக்கமான அளவைக் கொண்டால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். வியர்வையும் நடுக்கமும் தோன்றினால், விரதம் முறிகிறதே என்று தயங்காமல் உடனே சர்க்கரை கலந்த நீர் அருந்த வேண்டும். அதன்பின் சிறிது உணவும் கொள்ள வேண்டும்.

பாதத்தைப் பற்றியும் ஒரு சொல். நெடுநாள் சர்க்கரை நோயுள்ள பலருக்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடுகிறது. நண்பகலில் பிராகாரக் கல் சுட்டுக் கொப்புளம் எழுந்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாத புண் ஆறாமல், காலையே இழந்தவர்களும் உண்டு. அத்தகையோர் காலையிலோ மாலையிலோ கல் குளிர்ந்திருக்கும்போது வலம் வருக. பாதயாத்திரை செல்ல விரும்பினால் மருத்துவரிடம் காலைக் காட்டி, பொருத்தமான காலணியுடன் செல்க. முருகன் அதனைக் குற்றமாகக் கொள்ளான். இரவு தங்குமிடத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். குனிய இயலாதவருக்கு உடன்வருபவர் பார்த்துச் சொல்லலாம்.