விரதமும் மருந்தும்
(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற பின் நான் படித்துக்கொண்ட ஒரு பாடத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன். என் தம்பியின் சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

தம்பிக்கு இருதுருவ மனநோய் உண்டு. சில வாரம் உறக்கமின்றி உற்சாகம் பொங்கும். கடன் வாங்கிச் செலவழிப்பான். பிறகு பல வாரம் படுக்கையை விட்டு எழமாட்டான். அவனை நிலைப்படுத்தியது லித்தியம் மாத்திரை. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை எடுத்துக்காட்டினார். இன்றும் அது முதன்மையான மருந்து.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டான். ஒருவேளை உணவு, அதுவும் உப்பில்லாமல். "முருகன் பார்த்துக்கொள்வான் அண்ணே" என்றான். நானும் மகிழ்ந்தேன். பத்தாம் நாள் கை நடுங்கியது. வாந்தி, பேதி, தள்ளாட்டம். விரதக் களைப்பு என்று எண்ணி ஒரு நாளை வீணாக்கினேன். அது என் பிழை. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது லித்தியம் அளவுக்கு மீறி ஏறியிருந்தது. இறைவன் அருளால் பிழைத்தான்.

காரணம் எளிது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும். உப்பைத் திடீரெனக் கூட்டினாலோ மருந்தின் அளவு குறைந்து நோய் திரும்பும். ஆகவே இரண்டும் ஒரே சீராக இருக்கவேண்டும். ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும்.

"மீன் எண்ணெய் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். அதிலுள்ள ஒமேகா-3 மனச்சோர்வுக்கு மருந்தோடு சேர்ந்து ஓரளவு துணைசெய்யலாம் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. பித்து நிலையை அது அடக்காது. மருந்துக்கு மாற்றும் அன்று. 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' எனும் மூலிகை மாத்திரையோ பித்தைக் கிளப்பிவிடக்கூடும். இயற்கைப் பொருள் என்பதால் தீங்கற்றது என்று எண்ணாதீர்கள்.

விரதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்ந்துகொள்ளும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தம்பி இப்போது உப்போடு உண்டு, புலால் மட்டும் விலக்கி விரதமிருக்கிறான். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் வழங்குகிறான். முருகனுக்கு அவன் எந்தக் குறையும் வைக்கவில்லை.