அக்காவின் கொப்பி
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்காவின் புகழ்பெற்ற மவுன்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரி 1837இல் ஆரம்பமானது. அதற்கு 13 ஆண்டுகள் முன்னரே, 1824இல், ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் எங்கள் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டார். மவுன்ட் ஹோலியோக்கை நிறுவிய மேரி லயன் வீடு வீடாகச் சென்று, பெண்களிடமே முதற்பணத்தைத் திரட்டினார். கட்டணம் குறைய வேண்டுமென்று மாணவிகளே சமையலையும் துப்புரவையும் பார்த்தார்கள். அந்தக் கல்லூரியின் மரபு அப்படித்தான் உருவானது.

எங்களுக்கும் ஒரு மரபு உண்டு. 1996இல் இடம்பெயர்ந்தபோது மரநிழலே வகுப்பறை. உயர்தர உயிரியலுக்கு ஆசிரியர் இல்லை. ஓர் அக்கா தந்த கொப்பியை ஜாம்போத்தல் விளக்கில் ஆறு பேர் மாறி மாறிப் பார்த்தெழுதினோம். அந்த ஆறு பேரில் இருவர் இன்று வைத்தியர்கள்.

இன்றும் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் வேறு பிரிவுக்கு மாறும் தங்கைகள் வன்னியில் இருக்கிறார்கள். கனடாவிலும் கொழும்பிலும் இருக்கும் நாங்கள், மலரில் எங்கள் படத்தைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடலாமா? ஆளுக்கொரு தங்கையைப் பொறுப்பெடுப்போம். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சூமில் பாடம் சொல்லிக் கொடுப்போம்.

அக்காவின் கொப்பி இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது. கொடுத்துவிடுவோம்.