கதவுகளைக் கழற்றி எழுப்பிய அரண்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த பெற்றோர்களே! அருமை இளைஞர்களே!

மலையகத்தில் வாழும் நமக்கு மழையைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னரே தேயிலை மலைகளில் கான்களைத் துப்புரவு செய்கிறோம். வீட்டின் பின்னாலுள்ள மண்மேட்டில் வெடிப்பு ஏதும் உண்டா என்று பார்க்கிறோம். மழை கொட்டும் நள்ளிரவில் மண்வெட்டியைத் தேடுகிறவனின் நிலை என்னவென்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள சிறு பிள்ளையும் அறியும். ஒரு பேரரசருக்கே அந்நிலை ஏற்பட்ட வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1258ஆம் ஆண்டில் ஹுலாகுவின் மொங்கோலியப் படை பக்தாதை அழித்ததை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அதற்கு 45 ஆண்டுகளின் பின்னர், 1303இல், தரகாய் என்னும் மொங்கோலியத் தளபதி டில்லியையே முற்றுகையிட்டான் என்பதை அறிந்தவர் சிலரே. அப்போது டில்லியை ஆண்டவர் சுல்தான் அலாவுத்தீன் கில்ஜி.

அவரைப் புனிதராகக் காட்டுவது என் நோக்கமன்று. தம் சிறிய தந்தையும் மாமனாருமான ஜலாலுத்தீனைக் கொன்றுவிட்டு 1296இல் அரியணை ஏறியவர் அவர். தம்மை இரண்டாவது இஸ்கந்தர் என்று நாணயங்களில் பொறித்துக்கொண்டவர். உலகை வெல்லப் புறப்படுவேன் என்று அவர் பேசியபோது, டில்லியின் கொத்வாலாக இருந்த அலாவுல் முல்க் என்ற முதியவர் துணிந்து புத்தி சொன்னார். சுற்றியுள்ள நாடுகளை அடக்குவது ஒரு வேலை. அதனினும் முக்கியமானது மொங்கோலியர் வரும் வழியை அடைப்பது. எல்லைக் கோட்டைகளைச் செப்பனிட்டு, அகழி தோண்டி, நம்பிக்கையான தளபதிகளை அங்கே நிறுத்துங்கள் என்பதே அவரது ஆலோசனையின் சாரம். அம்முதியவரின் உறவினரான வரலாற்றாசிரியர் பரணி இதைப் பதிவு செய்துள்ளார்.

சுல்தான் அறிவுரையைப் பாராட்டினார். ஆனால், முதல் வேலையே அவர் மனத்தை இழுத்துச் சென்றது. 1303இல் அவரே சித்தூர்க் கோட்டையை முற்றுகையிடப் போனார். இன்னொரு பெரும்படையை வாரங்கலுக்கு அனுப்பினார். ஆகஸ்ட் மாதத்தில் சித்தூர் வீழ்ந்தது. ஆயினும் களைத்துப்போன படையோடும், மழைக்காலத்தில் இழந்த குதிரைகளோடும் அவர் தலைநகர் திரும்பிய வேளையில், தரகாயின் குதிரைப்படை யமுனைக் கரைக்கு வந்துவிட்டது. வாரங்கலிலிருந்து மீண்ட படையால் டில்லிக்குள் நுழைய முடியவில்லை. மாகாணப் படைகள் வரும் வழிகளையும் மொங்கோலியர் மறித்துக்கொண்டனர்.

வெட்டவெளியில் போரிடும் வலிமை சுல்தானிடம் இல்லை. அவர் சீரி என்னுமிடத்தில் பாசறை அமைத்தார். அவசர அவசரமாக அகழி தோண்டப்பட்டது. மரவேலி எழுப்ப மரம் எங்கே? டில்லி மக்களுடைய வீட்டுக் கதவுகள் கழற்றப்பட்டு வேலியாக நிறுத்தப்பட்டன!

இளைஞர்களே, இதைச் சற்றுச் சிந்தியுங்கள். தூரத்துக் கோட்டையின் வாயிலைத் திறக்கப் போனவர், தம் குடிமக்களின் வீட்டுக் கதவுகளைக் கழற்ற நேர்ந்தது.

ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முற்றுகை நீடித்தது. நகரில் தண்ணீருக்கும் விறகுக்கும் தானியத்துக்கும் பெருந்தட்டுப்பாடு. மக்களின் அச்சத்துக்கு அளவில்லை. இறுதியில் சீரியின் காவலை உடைக்க முடியாமல் தரகாய் திரும்பிச் சென்றான். ஏழைகளின் துஆவே டில்லியைக் காத்தது என்று பரணி எழுதுகிறார். நாம் அதை மறுக்கவில்லை. ஆனால், அகழியும் தோண்டப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

அதன் பின்னரே சுல்தான் விழித்துக்கொண்டார். சீரியில் மதில் எழுந்தது. அதன் எச்சங்கள் தென் டில்லியில் இன்றும் நிற்கின்றன. எல்லைக் கோட்டைகள் செப்பனிடப்பட்டன. தானியக் களஞ்சியங்கள் நிரப்பப்பட்டன. 1305இல் அம்ரோஹாவிலும் 1306இல் ராவி நதியருகிலும் வந்த மொங்கோலியப் படைகள் முறியடிக்கப்பட்டன. முதியவர் சொன்ன வேலைதான் இறுதியில் பலன் தந்தது. ஆனால், அதற்கு முன் டில்லி இரண்டு மாதங்கள் நடுங்க வேண்டியிருந்தது.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். எதிரிகள் மதீனாவை நோக்கி வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும், ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்களின் ஆலோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பசித்த வயிற்றோடு தாமே மண் சுமந்தார்கள். எதிரி வந்து சேர்ந்தபோது அகழி ஆயத்தமாக இருந்தது. துஆவும் இருந்தது, மண்வெட்டியும் இருந்தது. அதுவும் உரிய நேரத்தில் இருந்தது.

பெற்றோர்களே, இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தயங்குகிறேன். ஊரூராகச் சென்று பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பயான் செய்தவன் நான். ஓர் இரவு வீடு திரும்பியபோது, என் மனைவி மகனின் பாடசாலைக் கொப்பியை எடுத்து என் முன் வைத்தார். பல வாரங்களாக அதில் ஒரு வரியும் எழுதப்பட்டிருக்கவில்லை. பெரிய மாணவர்கள் சிலர் அவனைத் தொடர்ந்து துன்புறுத்தி வந்திருக்கிறார்கள். மறுநாள் காலை, "ஏன் மகனே என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் வரும்போது நான் தூங்கிவிடுவேனே, வாப்பா" என்றான்.

அன்றுதான் எனக்கும் விளங்கியது. என் சித்தூர் வேறு, என் டில்லி வேறு.

நம்மில் சிலருக்குச் சித்தூர் என்பது கொழும்பில் உள்ள கடை. சிலருக்கு வளைகுடாவில் உள்ள தொழில். என் போன்றோருக்கு மேடை. உழைப்பது கடமை, அதைக் குறை கூறவில்லை. ஆனால், பிள்ளை யாரோடு பழகுகிறான், எதற்கு அஞ்சுகிறான், இரவில் கைபேசியில் என்ன பார்க்கிறான் என்பதை அறிந்திருப்பதே வீட்டின் மதில். போதை வாசலுக்கு வந்த பின் கதவைக் கழற்றி வேலி கட்டுவது மிகக் கடினம். தூரத்திலிருக்கும் தந்தையும் தினமும் சில நிமிடங்கள் பிள்ளையின் பேச்சைச் செவிமடுக்கலாம். புத்திமதி பிறகு சொல்லலாம், முதலில் கேட்போம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சுல்தானிடம் உண்மையைச் சொன்ன அம்முதியவரைப் போல் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரது பேச்சைப் பாராட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். மனத்தில் பாரம் இருந்தால், வாப்பா விழித்திருக்கும் நேரம்வரை காத்திராதீர்கள்; அவரை எழுப்பியாவது சொல்லுங்கள்.

மழைக்கு முன் கான் வெட்டும் மக்கள் நாம். அந்த அறிவை வீட்டுக்குள்ளும் கொண்டு செல்வோமாக. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காத்து, காக்கும் பொறுப்பை உரிய காலத்தில் நிறைவேற்றும் நற்பாக்கியத்தையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.