பேர் சொல்லிக் கூப்பிடாதவர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்னை இலக்கியம் பேசக் கூப்பிட்டது நம் செயலாளரின் துணிச்சல். நான் மெக்கானிக்கல்காரன். கதைப் புத்தகம் என்றால் ரயில் பயணத்தோடு சரி. ஆனாலும் ஒரு நாவலைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒடிசாவில், ஓர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில். ஒடியாவும் தெரியாது, இந்தியும் தெரியாது. மெஸ்ஸில் நான் போய் உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கு முன் அந்த அறையில் இருந்தவர் விட்டுப்போன பழைய புத்தகம் ஒன்று அலமாரியில் கிடந்தது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'.

பேய்க்கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். நம்மில் பலருக்குத் தெரிந்தது 1931-இல் வந்த சினிமாப் பூதம்தான். அது பேசவே பேசாது. நாவல் வேறு. 1816-இல், தன் 18 வயதில், மேரி ஷெல்லி ஜெனீவா ஏரிக்கரையில் எழுதத் தொடங்கியது. 1818-இல் ஆசிரியர் பெயரே போடாமல் லண்டனில் வெளிவந்தது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயரே அல்ல. அதைச் செய்தவனின் பெயர். அவனும் நம்மைப் போல ஒரு மாணவன்! ராப்பகலாக உழைத்து உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும், பார்க்கச் சகிக்காமல் அறையை விட்டு ஓடிவிடுகிறான். ஒரு பேர்கூட வைக்கவில்லை. (செய்து முடித்ததும் கைகழுவுகிறவர்கள் நம் துறையிலும் உண்டு. அது வேறு கதை.)

'அது' என்று சொல்ல இனி எனக்கு மனம் வரவில்லை. அவன் காட்டோரம் ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறான். சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தும் கேட்டுமே பேசக் கற்றுக்கொள்கிறான். ராத்திரியில் அவர்களுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறான். போட்டது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. ஒருநாள், கண் தெரியாத பெரியவர் மட்டும் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறான். பெரியவர் அன்பாகத்தான் பேசுகிறார். திரும்பி வந்த மகன் உருவத்தைப் பார்த்ததும் தடியால் அடிக்கிறான். பின்னால் அவன் செய்யும் கொலைகளை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அந்த விறகு என்னை விடவில்லை.

நம் விடுதிதான் ஞாபகம் வந்தது. பாலிடெக்னிக் முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்த ஒருவர் எங்களோடு இருந்தார். அதற்குள் எங்கள் செட்டெல்லாம் சேர்ந்தாகிவிட்டது. அவருக்குச் சட்டென்று பேச வராது. 'மௌனகுரு' என்று பேர் வைத்தோம். வைத்தோம் என்ன, வைத்தது நான்தான். மூன்று வருஷமும் கடைசி மேசையில் தனியாகவே சாப்பிட்டார். எங்கள் மாடியில் ஃப்யூஸ் போனால் விடிவதற்குள் சரியாகியிருக்கும். எலக்ட்ரீசியன் வந்துவிட்டுப் போனார் என்று நினைத்துக்கொள்வோம். ஒரு நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். டார்ச்சை வாயில் கவ்வியபடி ஸ்டூல்மேல் நின்று அவர்தான் ஃப்யூஸ் வயர் கட்டிக்கொண்டிருந்தார். "என்ன குரு, தூங்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

அவருக்கு நாங்கள் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒடிசா மெஸ்ஸில் இருந்தவர்களும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இன்று காலை வரவேற்பு மேசையில் எங்கள் பேட்ச் பட்டியலைப் பார்த்த பிறகுதான் அவருடைய முழுப் பேர் எனக்கு ஞாபகம் வந்தது. எதிரே முகவரிக்கான இடம் காலி. பேட்ச் நண்பர்களே, அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் சொல்லுங்கள். பேரைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்.