மாசுக்கு விலை வைக்கலாம், பங்கு யாருக்கு?

(பெரம்பலூரில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் அரியலூர் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவன். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் சுண்ணாம்புக்கல் சுரங்கம் தெரியும். கொடியில் காயும் துணியை உதறித்தான் உடுத்துவோம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. அதே நிலத்தில் களை எடுத்த என் அம்மாவுக்குப் பட்டா இல்லை, அதனால் ஒரு ரூபாயும் இல்லை. கூலி போனது, தூசு வந்தது.

மாசைக் குறைக்கப் பொருளியலில் இரண்டு வழிகள் சொல்கிறார்கள். ஒன்று வரி. ஆலை ஊருக்குச் செய்யும் கேட்டை அதன் கணக்கிலேயே செலவாக ஏற்ற வேண்டும் என்பது 1920இல் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் எழுதிய நூலிலிருந்து வந்த சிந்தனை. அடுத்தவர் வயலில் மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்துத் தண்டம் வாங்குவோமே, அதுதான். இன்னொன்று உரிமச் சந்தை. மொத்தப் புகைக்கு அரசு ஒரு வரம்பு கட்டி, ஆலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். குறைவாக விட்டவர் மிச்சத்தை விற்கலாம், கூடுதலாக விட்டவர் வாங்க வேண்டும். ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பது போல.

ஏரி முறையில் யாருக்குப் பங்கு? ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. உரிமச் சந்தையிலும் அதுதான் நடந்தது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் கார்பன் சந்தை தொடங்கியபோது, ஏற்கெனவே புகை விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே பெரும்பாலான உரிமங்களை இலவசமாகக் கொடுத்தது. இலவசமாக வாங்கியதன் விலையையும் கட்டணத்தில் ஏற்றி மின் நிறுவனங்கள் லாபம் பார்த்தன. முன்பிருந்தே அனுபவித்தவனுக்கே உரிமை என்ற நியாயம் நமக்குப் புதிதா?

நம் நாட்டிலும் 2023இல் கார்பன் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சிமெண்ட் ஆலைகளுக்கு இலக்கு வந்தது. ஆனால் அந்த இலக்கு மொத்தப் புகைக்கு அல்ல, ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு என்பது. உற்பத்தி பெருகினால் மொத்தமும் பெருகலாம்.

சந்தையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வரும். அது அரியலூரில் வந்தாலும் ஆந்திராவில் வந்தாலும் வானத்துக்கு ஒன்றுதான். அதை விற்கலாம், வாங்கலாம். தூசு அப்படியல்ல. 2019இல் சூரத்தில் தூசுக்கே உரிமச் சந்தை தொடங்கினார்கள். அதில் சேர்ந்த ஆலைகளின் தூசு 20 முதல் 30 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. நல்லது. ஆனால் உரிமத்தை விலைக்கு வாங்கிய ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் குறைந்ததா என்பதை மொத்தக் கணக்கு சொல்லாது. நம்மைத் தீட்டு என்று ஊர் ஒதுக்கி வைத்த இடத்தில்தான் ஆலையின் மாசும் வந்து இறங்குகிறது. எங்கள் நுரையீரலுக்குச் சராசரி கிடையாது.

அப்படியானால் வரி போதுமா? நிலக்கரிக்கு 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி போட்டார்கள். 2016இல் அது 400 ஆனது. தூய எரிசக்திக்கு என்று சொல்லி வாங்கிய பணம், 2017இல் ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திரும்பியது. 2015க்கு முன் குத்தகை பெற்ற சுரங்கங்கள், ராயல்டியில் 30 விழுக்காட்டை மாவட்ட கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பணம் அது. பாதிக்கப்பட்டவர் பட்டியலில் நிலமில்லாதவர் இருக்கிறாரா?

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 31 பேர் பட்டியல் சாதியினர். அறக்கட்டளைப் பணத்தில் நூற்றுக்கு எவ்வளவு காலனிக்கு வந்தது? அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தூசுக்கு ஆலைவாரியாக, விற்க முடியாத வரம்பு வேண்டும். கார்பன் உரிமத்தை இலவசமாகத் தராமல் ஏலம் விட வேண்டும். வரும் பணத்தில் முதல் பங்கு, பட்டா இருக்கிறதோ இல்லையோ, தூசைச் சுவாசிப்பவருக்கு வேண்டும்.

வரியா, சந்தையா என்று அவர்கள் விவாதிக்கட்டும். பங்கு யாருக்கு என்று நாம் கேட்போம்.